பறிக்கப்படாத பட்டைகள்: சார்ஜென்ட் வாட்டர்ஸ் கொலை வழக்கு

1944ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லூசியானா மாநிலம். முகாமுக்கு வெளியே உள்ள மதுக்கடையிலிருந்து நள்ளிரவில் ஒரு சார்ஜென்ட் தள்ளாடியபடி வெளியேறுகிறார். சாலையில் விழுகிறார், தவழ்கிறார், சிரிக்கிறார். யாரையோ பார்த்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: 'அவர்கள் இன்னமும் உன்னை வெறுக்கிறார்கள்.' பிறகு துப்பாக்கி வெடிக்கிறது. செத்தவர் வெர்னான் வாட்டர்ஸ். கறுப்பினப் படைவீரர்கள் மட்டுமே கொண்ட ஒரு பிரிவின் மூத்த சார்ஜென்ட், அவரும் கறுப்பினத்தவர்.

1984இல் நார்மன் ஜூவிசன் இயக்கத்தில் வெளிவந்த 'எ சோல்ஜர்ஸ் ஸ்டோரி' இப்படித் தொடங்குகிறது. சார்லஸ் ஃபுல்லர் எழுதிய 'எ சோல்ஜர்ஸ் பிளே' என்ற நாடகத்துக்கு 1982இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்த நாடகத்தின் தழுவல்தான் இந்தப் படம், திரைக்கதை எழுதியவரும் ஃபுல்லரே. கொலையாளி யார் என்பதை மறைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. ஆகவே, பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

'கருத்து நன்று, ஆனால் கொலை மர்மமாகப் பார்த்தால் சுமார்தான்' என்பது இந்தப் படத்தைப் பற்றி அடிக்கடி கேட்கும் அபிப்பிராயம். ஒருவர் பின் ஒருவராகச் சாட்சிகள் வருகிறார்கள், ஆளுக்கொரு ஃபிளாஷ்பேக் சொல்கிறார்கள், கடைசியில் ஒருவன் பிடிபடுகிறான், இதில் என்ன துப்பறிதல் இருக்கிறது என்று கேட்கிறார்கள். நான் முற்றிலும் மாறுபடுகிறேன். வழக்கை வழக்காகவே எடுத்துக்கொண்டு, தடயம் தடயமாகப் பார்த்தால் இதன் கட்டுமானம் எவ்வளவு நேர்மையானது என்பது புரியும்.

விசாரிக்க வந்தவர்

தலைநகர் வாஷிங்டனிலிருந்து அனுப்பப்படும் கேப்டன் ரிச்சர்ட் டேவன்போர்ட், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த ராணுவ வழக்கறிஞர். அவரும் கறுப்பினத்தவர். பஸ்ஸின் பின் இருக்கையில் உட்கார்ந்துதான் வந்து இறங்குகிறார். தங்கள் நிறத்தில் ஓர் அதிகாரியை அதுவரை பார்த்திராத வீரர்கள் கண்கள் விரியப் பார்க்கிறார்கள். முகாமின் வெள்ளைக்கார கேப்டன் டெய்லருக்கோ அவரை எப்படி நடத்துவது என்றே தெரியவில்லை. டேவன்போர்ட் அணிந்திருக்கும் கறுப்புக் கண்ணாடிகூட அவரை உறுத்துகிறது. கழற்றச் சொல்லும்போது, ஜெனரல் மக்ஆர்தர் அணிவதும் இதே மாதிரிதான் என்று டேவன்போர்ட் பதில் சொல்கிறார்.

டெய்லர் சொல்லும் காரணத்தை அலட்சியப்படுத்த முடியாது. இந்த ஊரில் ஒரு கறுப்பர் ஒரு வெள்ளையரைக் கொலைக் குற்றவாளி என்று கைகாட்டினால் எந்த நீதிமன்றமும் ஏற்காது, ஆகவே வழக்கை வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் விட்டுவிடுங்கள் என்கிறார். அவர் கெட்டவர் அல்ல. தான் வாழும் ஊரின் நடப்பை அவர் அறிவார். அந்த அறிவே அவர் கண்ணை எப்படி மறைக்கிறது என்பது பின்னால் வரும்.

முதல் ஐயம்: க்ளான்

முகாம் முழுவதும் ஒரே பேச்சுதான்: கறுப்பர்களைத் தாக்கிவந்த வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளான்காரர்கள் கொன்றுவிட்டார்கள். பார்வையாளரும் அப்படித்தான் நினைக்கிறார், அப்படி நினைப்பதற்கு வரலாறே காரணம். 1941 மார்ச் மாதம் ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங் முகாமில் ஃபீலிக்ஸ் ஹால் என்ற கறுப்பினப் படைவீரரின் உடல், கைகள் கட்டப்பட்ட நிலையில், காட்டுக்குள் கயிற்றில் தொங்கியபடி கிடைத்தது. அந்தக் கொலைக்காக ஒருவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. 1942 ஜனவரியில், இதே லூசியானாவின் அலெக்சாண்டிரியா நகரில், லீ தெருவில் கறுப்பினப் படைவீரர்கள் மீது வெள்ளைக்கார ராணுவக் காவலர்களும் நகரக் காவலர்களும் துப்பாக்கிச்சூடு நடத்தினார்கள். நாட்டுக்காகச் சீருடை அணிந்தவர்களுக்கு அந்த நாட்டின் தென்பகுதியில் நிலைமை இதுதான். அமெரிக்கப் படைகளில் நிறப்பிரிவினையை நீக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் பிறப்பித்தது 1948 ஜூலை 26 அன்று. படத்தின் கதை நடக்கும்போது அதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

இங்கேதான் முதல் தடயம் வருகிறது, படத்தின் மிகச் சிறந்த தடயமும் அதுவே. க்ளான்காரர்களுக்குக் கறுப்பு உடலின் மேல் ராணுவச் சீருடையைப் பார்க்கவே பொறுக்காது. கொல்லும் முன் பதவிப் பட்டைகளைப் பிய்த்தெறிவார்கள். ஆனால் வாட்டர்ஸின் கைச்சட்டையில் பட்டைகள் அப்படியே இருந்தன. கொன்றவருக்கு அந்தப் பட்டைகள் மீது வெறுப்பு இல்லை, அவற்றை அணிந்திருந்தவர் மீதுதான் வெறுப்பு. யோசித்துப் பார்த்தால் வழக்கின் பாதி இந்த ஒரே குறிப்பிலேயே தீர்ந்துவிடுகிறது.

இரண்டாம் ஐயம்: இரண்டு அதிகாரிகள்

கொலை நடந்த இரவில் லெப்டினன்ட் பேர்ட், கேப்டன் வில்காக்ஸ் என்ற இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் வாட்டர்ஸைச் சாலையில் சந்தித்திருக்கிறார்கள். குடிபோதையில் இருந்த வாட்டர்ஸ், வாழ்நாள் முழுக்க எந்த வெள்ளைக்காரரிடமும் பேசாத மொழியில் அவர்களிடம் பேசுகிறார். இனி உங்களுக்குப் பணியமாட்டேன் என்கிறார். பேர்ட் அவரைக் கீழே தள்ளி உதைக்கிறார். இதை விசாரணையில் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், வெட்கமே இல்லாமல்.

இந்த இடத்தில் கேப்டன் டெய்லர் குதிக்கிறார். இவர்கள்தான் கொலைகாரர்கள், உடனே கைது செய்ய வேண்டும் என்கிறார். நல்லெண்ணம் உள்ள வெள்ளைக்காரருக்கு வேறு விடையே தோன்றவில்லை. கறுப்பின அதிகாரியோ மறுக்கிறார். அவர்கள் அடித்தார்கள், ஆனால் கொன்றதற்குச் சான்று இல்லை என்கிறார். பேர்ட் போன்ற ஒருவரைக் காப்பாற்ற டேவன்போர்ட்டுக்கு எந்தக் காரணமும் கிடையாது. நாக்கின் நுனிவரை வந்த குற்றச்சாட்டை அவர் விழுங்குவது சட்டத்துக்காக மட்டுமே. டேவன்போர்ட்டாக வரும் ஹோவர்ட் ரோலின்ஸின் நடிப்பு விறைப்பாக, உணர்ச்சியற்று இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் இந்தக் காட்சியை மறுபடி பார்க்க வேண்டும். சற்று உணர்ச்சிவசப்பட்டால்கூட, 'இவனால் நடுநிலையாக இருக்க முடியாது' என்று சொல்லக் காத்திருப்பவர்கள் நடுவே வேலை செய்யும் மனிதர் அவர். அந்த விறைப்புதான் அவருடைய கவசம்.

சாட்சிகள் கட்டிய மனிதர்

இதன் பிறகு விசாரணையின் பொருளே மாறிவிடுகிறது. கொன்றவர் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய், செத்தவர் யார் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது.

முதல் சாட்சி வில்கி. கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர் என்கிறார். பேச்சு நீள நீள வேறு கதை வெளிவருகிறது. பணியில் குடித்திருந்ததற்காக வில்கியின் பட்டைகளைப் பறித்தவர் இதே வாட்டர்ஸ். அவற்றைப் பெற வில்கிக்குப் பத்து ஆண்டுகள் பிடித்திருந்தன. ஆனாலும் பறித்தவரிடமே வில்கி ஒட்டிக்கொண்டிருந்தார். வாட்டர்ஸ் அவரிடம் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாத தன் தந்தை காலமெல்லாம் நிலக்கரி அள்ளியதைச் சொல்வார். மகனும் மகளும் வெள்ளையர் படிக்கும் கல்லூரியில் படிக்க வேண்டும் என்பார். கேட்கும்போது நெஞ்சு கனிகிறது. இந்த மனிதர் நமக்குத் தெரிந்தவர்தான் என்று படுகிறது. தாழ்த்தப்பட்ட எந்தச் சமூகத்திலும், அடுத்த தலைமுறைக்காகத் தன்னையே உருக்கி வார்த்துக்கொண்ட இப்படி ஒரு பெரியவர் இருப்பார்.

அடுத்த சாட்சிகள் சொல்லும் வாட்டர்ஸ் வேறு ஆள். இந்தப் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பேஸ்பால் ஆட்டக்காரர்கள். தொடர்ந்து வென்றால் நியூயார்க் யாங்கீஸ் அணியுடன் ஒரு காட்சி ஆட்டம் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. வென்று திரும்பும் நாளில் டெய்லர் அவர்களுக்கு ஓய்வு தர நினைக்கிறார். வாட்டர்ஸோ தானாகவே முன்வந்து, அதிகாரிகள் மன்றத்துக்கு வர்ணம் பூச அவர்களை அனுப்புகிறார். எதிர்த்துக் கேட்கும் பீட்டர்சன் என்ற வீரரை எல்லோர் முன்னிலையிலும் சண்டைக்கு அழைத்து அடித்து வீழ்த்துகிறார்.

கதை நடக்கும் அதே 1944இல், டெக்சாஸின் கேம்ப் ஹூட் முகாமில் பஸ்ஸின் பின்பக்கம் போய் உட்கார மறுத்ததில் தொடங்கிய தகராறுக்காக ஓர் இளம் லெப்டினன்ட் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார். அவர் பெயர் ஜாக்கி ராபின்சன். மூன்று ஆண்டுகள் கழித்துப் பெரிய லீக் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்தவர் அவர். படத்தில் வரும் பஸ்ஸும் பேஸ்பாலும் வெறும் அலங்காரம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

சி.ஜே. என்ற பையன்

வழக்கின் இதயம் சி.ஜே. மெம்ஃபிஸ். மிசிசிப்பியிலிருந்து வந்த கிராமத்துப் பையன். கிட்டார் வாசித்து ப்ளூஸ் பாடுவான், பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பான், எல்லோரிடமும் சிரிப்பான். வெள்ளைக்காரர்களுக்கு அவனைப் பிடிக்கும். வாட்டர்ஸுக்குப் பிடிக்காததற்குக் காரணமே அதுதான். 'கறுப்பர் என்றால் பாடுவார்கள், ஆடுவார்கள், இளிப்பார்கள்' என்று வெள்ளையர் நினைக்க இடம் கொடுப்பவர்கள் இவனைப் போன்றவர்கள்தான் என்று அவர் கருதுகிறார்.

முதல் உலகப் போரில் பிரான்சில் பார்த்த ஒன்றை வாட்டர்ஸ் சொல்லும் இடம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரப் படைவீரர்கள் ஒரு கறுப்பனுக்குக் காசு கொடுத்து, வால் கட்டிவிட்டு, குரங்குபோல் சத்தமிட்டு ஓடவிடுகிறார்கள். அவர்கள் சிரிக்கிறார்கள். பிறகு வாட்டர்ஸும் அவரைச் சேர்ந்தவர்களும் அந்தக் கறுப்பனின் கழுத்தை அறுக்கிறார்கள். சாகும்போது அவன், தான் என்ன தவறு செய்தோம் என்று கேட்டானாம். வாட்டர்ஸாக நடிக்கும் அடால்ஃப் சீசர் இதைக் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். உருவத்தில் சிறிய மனிதர், ஆனால் அந்தக் கனத்த குரல் மதுக்கடையை நிறைக்கிறது. அவர் கண்ணில் வருத்தம் இல்லை. ஒரு கடமையை முடித்தவரின் அமைதிதான் தெரிகிறது. முதல் முறை பார்த்தபோது இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்தேன். மேடையிலும் இதே பாத்திரத்தை ஏற்ற சீசருக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 1986இல் அவர் காலமாகிவிட்டார்.

வாட்டர்ஸ் போடும் திட்டம் இது: ஒரு துப்பாக்கிச்சூட்டில் பயன்பட்ட துப்பாக்கியை சி.ஜே.யின் கட்டிலுக்கடியில் வைக்கச் செய்கிறார். வைத்தவர் வில்கி. பறிபோன பட்டைகள் திரும்பக் கிடைக்காதா என்று ஏங்கும் ஒருவர் எதற்கும் துணிவார் என்பது வாட்டர்ஸுக்குத் தெரியும். கொதித்துப்போன சி.ஜே. மேலதிகாரியான வாட்டர்ஸை அடித்துவிடுகிறான். இனி பொய்த் துப்பாக்கி தேவையில்லை, உண்மையான குற்றமே கிடைத்துவிட்டது. சிறையில் வந்து பார்க்கும் வாட்டர்ஸ், இனத்துக்கு அவமானம் தேடித்தரும் முட்டாள்களில் ஒருவன் குறைந்தான் என்கிறார். அடைபட்ட அறையில் இருக்கவே முடியாத சி.ஜே. தூக்கில் தொங்கிவிடுகிறான். சாவதற்கு முன்பு அவன் வாட்டர்ஸைப் பற்றிச் சொன்ன சொல்லில் கோபம் இல்லை. தான் எங்கே சேர்ந்தவன் என்று தெரியாத மனிதன் நிறைய வலியோடுதான் இருப்பான் என்கிறான். வழக்கில் வாட்டர்ஸைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே சாட்சி அவன்தான். அவனை விசாரிக்க முடியாது.

சி.ஜே.யின் நண்பர்கள் கடைசி ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்கிறார்கள். யாங்கீஸ் கனவு கலைகிறது, அணியும் கலைகிறது.

அந்த இரவு

கொலை நடந்த இரவில் காவல் பணியில் இருந்தவர்கள் பீட்டர்சனும் ஸ்மால்ஸும். பேர்ட் உதைத்துவிட்டுப் போன பிறகு தவழ்ந்துகொண்டிருந்த வாட்டர்ஸை அவர்கள் எதிர்கொள்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் வாட்டர்ஸ் சிரிக்கிறார். வெள்ளையர் சொன்ன விதிகளையெல்லாம் கடைப்பிடித்தேன், அவர்களைப்போலவே ஆனேன், அப்படியும் ஒரு மாற்றமும் இல்லை என்கிறார். சி.ஜே.யின் சாவு அவரை உள்ளிருந்து உடைத்திருக்கிறது. பீட்டர்சன் சுடுகிறார். ஓடிப்போன ஸ்மால்ஸ் பிடிபட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார்.

பீட்டர்சனாக நடித்தவர் டென்சல் வாஷிங்டன், அப்போது பெரிதாக அறியப்படாத இளைஞர். பிடிபட்டபோதும் அவர் முகத்தில் குற்ற உணர்வு இல்லை. சில விஷயங்களை ஒழித்துக்கட்டத்தான் வேண்டும், வாட்டர்ஸ் போன்றவரால் யாருக்கும் நன்மை கிடையாது என்கிறார். அதுவரை கட்டிக் காத்த அமைதியைக் கைவிட்டு டேவன்போர்ட் கேட்கிறார்: யார் கறுப்பராக இருக்கத் தகுந்தவர், யார் தகுதியற்றவர் என்று தீர்மானிக்கும் உரிமையை உனக்குக் கொடுத்தது யார்?

இந்தக் கேள்வி பீட்டர்சனுக்கு மட்டும் உரியது அல்ல. பிரான்சில் கழுத்தறுத்த வாட்டர்ஸுக்கும் உரியது. பீட்டர்சன் வாட்டர்ஸை எதிர்த்தவர், நியாயத்தின் பக்கம் நின்றவர், சி.ஜே.க்காகக் குரல் கொடுத்தவர். ஆனால் விசையை இழுத்த நொடியில், ஒழிக்கப்பட வேண்டியவர் யார் என்று தானே தீர்ப்பெழுதும் வாட்டர்ஸின் இடத்தில் போய் நின்றுவிட்டார். சட்டப்படி இந்த வழக்கில் கொலையாளி ஒருவர், உடனிருந்தவர் ஒருவர், பொய்த் தடயம் வைத்தவர் ஒருவர். பேர்ட்டின் உதைக்கும் கணக்கு உண்டு. இந்த எல்லோருக்கும் பின்னால் இருந்த வெறுப்பை எந்தக் குற்றப்பத்திரிகையிலும் சேர்க்க முடியாது.

மாற்றுக் கருத்துகள்

கடுமையான எதிர்ப்பு கறுப்பின எழுத்தாளர்களிடமிருந்தே வந்தது. நாடகம் பரிசு பெற்றபோது கவிஞர் அமீரி பராக்கா அதைத் தாக்கி எழுதினார். செத்தவனும் கறுப்பன், கொன்றவனும் கறுப்பன், வெள்ளைக்கார அதிகாரிகள் குற்றமற்றவர்கள் என்று முடிந்தால் வெள்ளைக்காரப் பார்வையாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார் என்ற எதிர்ப்பை நான் எளிதில் தள்ளிவிடமாட்டேன். திரையரங்கில் அப்படி நிம்மதி அடைந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் பேர்ட்டை விடுவிக்கும் அதே படம்தான் வாட்டர்ஸின் வாயால் 'அவர்கள் இன்னமும் உன்னை வெறுக்கிறார்கள்' என்ற வாக்கியத்தைச் சொல்ல வைக்கிறது. தோட்டா யாருடையது என்பதும் நஞ்சு யாருடையது என்பதும் வெவ்வேறு கேள்விகள். படம் இரண்டையும் குழப்பவில்லை.

ஜூவிசன் வெள்ளைக்காரக் கனடியர் என்பதையும் சிலர் குறையாகச் சொன்னார்கள். தென்மாநிலத்தில் ஒரு கொலையைத் துப்பறிய நேரும் கறுப்பினக் காவல் அதிகாரியைப் பற்றி, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்ற 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' படத்தை 1967இலேயே எடுத்தவர் அவர். ஆனால் அந்தப் படத்தின் மையம் கறுப்பரும் வெள்ளையரும் மோதுவது. இதில் மையம் கறுப்பர்களின் குடியிருப்புக்குள்ளேயே இருக்கிறது, இப்படி ஒரு கதைக்குப் பணம் போட ஹாலிவுட்டில் ஆளில்லை. பல ஸ்டுடியோக்கள் மறுத்த பிறகு, ஜூவிசன் தன் சம்பளத்தை விட்டுக்கொடுத்துச் சிறு செலவில் ஆர்கன்சாவில் எடுத்த படம் இது. 2 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. சிறந்த படம், சிறந்த தழுவல் திரைக்கதை ஆகியவற்றுக்கும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு, அது முடிவைப் பற்றியது. போர்முனைக்குப் போக உத்தரவு வந்துவிட்ட மகிழ்ச்சியில் வீரர்கள் அணிவகுத்துச் செல்கிறார்கள். கறுப்பர்கள் பொறுப்பில் இருப்பதற்கு இனிப் பழகிக்கொள்ள வேண்டியதுதான் போலும் என்கிறார் டெய்லர், நிச்சயம் பழகிக்கொள்வீர்கள் என்கிறார் டேவன்போர்ட். நாடகத்தில் இந்தக் கடைசி வரியை நீக்க மறுத்ததால்தான் நியூயார்க்கின் பெரிய நாடக மேடையான பிராட்வேயில் அரங்கு கிடைக்கவில்லை என்று ஃபுல்லர் சொல்லியிருக்கிறார். நாடகம் பிராட்வேக்கு வந்தது 2020இல்தான். படத்தில் சிறிய வேடத்தில் நடித்த டேவிட் ஆலன் க்ரியர், அப்போது வாட்டர்ஸாக நடித்து, நாடகத்துக்கான டோனி விருது பெற்றார்.

அந்த வரியைப் படமும் காப்பாற்றிக்கொண்டது. அதற்கு முன்னால் நாடகத்தில் டேவன்போர்ட் வறண்ட குரலில் படிக்கும் வழக்கின் கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டது. ராணுவக் காகிதக் குளறுபடியால், வாட்டர்ஸ் தன் ஊரிலிருந்து போரில் உயிர்நீத்த முதல் கறுப்பினத்தவர் என்று பதிவாகி, ஊரில் வீரராகக் கொண்டாடப்படுகிறார். சாட்சி சொன்ன அந்தப் பிரிவோ, அதிகாரிகளும் வீரர்களுமாக, ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கில் ஒருவர் மிச்சமில்லாமல் அழிந்துபோகிறது. திரையில் அவர்கள் பாடிக்கொண்டு நடக்கிறார்கள். மழையும் இல்லை, புகையும் இல்லை. எல்லோருடைய கைச்சட்டையும் புதிதாகத் தேய்த்து மடிப்புக் கலையாமல் இருக்கிறது.